திருமதி டாலோவேயின் விருந்தில் நாவல் கடந்துபோனவர்கள்

கையுறைகளைத் தானே போய் வாங்கிக்கொள்வதாகத் திருமதி டாலோவே சொன்னாள். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வாக்கியம் உறுத்தும். நாவலின் முதல் வரியில் அவள் வாங்கப் போவது பூக்களைத்தான். கையுறை வருவது 'பாண்ட் தெருவில் திருமதி டாலோவே' என்ற சிறுகதையில். அமெரிக்காவின் 'தி டயல்' இதழ் 1923 ஜூலையில் அதை வெளியிட்டது. நாவல் வருவதற்கு இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. வுல்ஃபும் கணவர் லெனார்டும் நடத்திய ஹோகார்த் பதிப்பகம் 'மிஸஸ் டாலோவே'யை 1925 மே 14 அன்று கொண்டுவந்தது.

கதையும் நாவலும் ஒரே காலைப்பொழுதில் தொடங்குகின்றன. பிக் பென் மணி அடிக்கிறது, கிளாரிசா டாலோவே வீட்டை விட்டு இறங்கி நடக்கிறாள், வழியில் ஹ்யூ விட்பிரெட்டைச் சந்திக்கிறாள், ஷேக்ஸ்பியரின் வரி ஒன்று மனதுக்குள் சுழல்கிறது. கதையின் முடிவில் கையுறைக் கடைக்கு வெளியே தெருவில் பெருஞ்சத்தத்துடன் ஏதோ வெடிக்கிறது. கடைப் பெண்கள் மேசைக்குப் பின்னால் ஒடுங்குகிறார்கள். கிளாரிசா நிமிர்ந்து உட்கார்ந்து, வெகுநேரமாக நினைவுக்கு வராமல் இருந்த எதிர்ப் பெண்மணியின் பெயரைச் சொல்லிவிடுகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

நாவலிலும் அந்த வெடிச்சத்தம் உண்டு, பூக்கடைக்கு வெளியே, ஒரு மோட்டார் காரிலிருந்து. நாவல் அந்தச் சத்தத்தோடு நிற்காமல் அதைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வெளியே வருகிறது. தெருவில் நிற்பவர்களின் மனங்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்து, நடைபாதையில் அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்கும் செப்டிமஸ் வாரன் ஸ்மித்தைக் கண்டுபிடிக்கிறது. போரிலிருந்து உடல் மட்டும் திரும்பிய அந்த இளைஞன் நாவலின் இன்னொரு பாதியாகிறான். சிறுகதையின் சுவராக இருந்த அதே சத்தம் நாவலுக்கு வாசலானது. வுல்ஃப் இந்தப் பாத்திரங்களை வைத்து எழுதிய மற்றக் கதைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும் என்பது என் எண்ணம். ஏனென்றால், வாசலைத் திறக்கக் கற்றுக்கொண்ட பிறகும் அவர் சுவர்களிடம் திரும்பிப் போனார்.

கிளாரிசாவும் கணவர் ரிச்சர்டும் உண்மையில் இதற்கும் முந்தியவர்கள். வுல்ஃபின் முதல் நாவலான 'தி வாயேஜ் அவுட்' 1915இல் வந்தபோதே அவர்கள் அதில் சில அத்தியாயங்களுக்கு வந்து போனார்கள். லிஸ்பனில் கப்பல் ஏறும் பகட்டான அரசியல் தம்பதி. புயலுக்கிடையே ரிச்சர்ட் இளம்பெண் ரேச்சலை முத்தமிட்டுவிட்டு, பிறகு ஒன்றும் நடவாததுபோல் இறங்கிப் போகிறார். கிளாரிசாவின் பேச்சில் அந்த நாவல் கேலியைத் தவிர எதையும் காணவில்லை. தான் கேலிசெய்து அனுப்பிவைத்த ஒருத்தியிடம் ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஓர் எழுத்தாளர் திரும்பிவந்து, இவளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது எளிதில் நடக்கிற காரியமில்லை.

1922 அக்டோபர் 6 அன்று வுல்ஃப் தன் குறிப்பேட்டில் ஒரு புத்தகத்துக்கான திட்டம் எழுதினார். 'வீட்டில்' அல்லது 'விருந்து' என்று தலைப்பு இருக்கலாம் என யோசித்தார். ஆறேழு சிறு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே முழுமையானது, எல்லாம் கடைசியில் ஒரு விருந்தில் வந்து கூடவேண்டும். பட்டியலின் முதல் பெயர் 'பாண்ட் தெருவில் திருமதி டாலோவே'. இரண்டாவது 'பிரதம மந்திரி'. மூன்றாவது 'முன்னோர்'. நாம் இன்று நாவல் என்று வாசிப்பது முதலில் ஒரு சிறுகதைக் கோவையாகத்தான் கருக்கொண்டது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 8 அன்று, கிட்டி மாக்ஸி என்ற பெண்மணி மாடிப்படிக் கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து விழுந்து இறந்துபோனதை வுல்ஃப் நாட்குறிப்பில் எழுதினார். கிட்டி, வுல்ஃபின் குடும்பத்துக்கு அவரது இளமையிலிருந்தே தெரிந்தவர். கிளாரிசாவின் சாயல் அவரிடமிருந்து வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அக்டோபர் 14 நாட்குறிப்பில், டாலோவே கிளைவிட்டுப் புத்தகமாகிவிட்டது என்றும், பித்தையும் தற்கொலையையும் ஆராயப் போவதாகவும், உலகைத் தெளிந்த மனமும் கலங்கிய மனமும் அருகருகே பார்ப்பதை எழுத விரும்புவதாகவும் வுல்ஃப் பதிவுசெய்தார். அந்த மரணத்துக்கும் இந்தத் திருப்பத்துக்கும் நேர்க்கோடு போட நான் துணியமாட்டேன். ஆனால் 1928இல் அமெரிக்கப் பதிப்பு ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், முதல் வடிவத்தில் செப்டிமஸ் என்று ஒருவன் இல்லவே இல்லை என்றும், விருந்தின் முடிவில் கிளாரிசாதான் தற்கொலை செய்துகொள்வதாக, அல்லது வெறுமனே இறந்துபோவதாக இருந்தது என்றும் அவரே சொன்னார்.

தனித்தனிக் கதைகளை நாவலாக இணைத்த உத்தியையும் நாட்குறிப்பில் காணலாம். பாத்திரங்களுக்குப் பின்னால் அழகான குகைகளைத் தோண்டுவதாக 1923 ஆகஸ்டில் எழுதினார். அந்தக் குகைகள் ஒன்றோடொன்று இணையவேண்டும், ஒவ்வொன்றும் நிகழ்கணத்தில் வெளிச்சத்துக்கு வரவேண்டும் என்பது திட்டம். 'மிஸஸ் டாலோவே'யின் மேன்மை இதில்தான் இருக்கிறது. மணியோசை, விமானம், ஆம்புலன்ஸ் என்று ஏதேனும் ஒன்று குறுக்கே போகும். அதன்மேல் ஏறி நாவல் ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்கு மாறிவிடும். கிளாரிசாவும் செப்டிமஸும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஆனாலும் விருந்தின் நடுவே அவன் மரணச் செய்தி காதில் விழும்போது அவள் தனி அறைக்குள் போய் நின்று அதைத் தன் சாவாகவே உணர்கிறாள்.

எதற்காக இந்த விருந்துகள் என்ற கேள்வியை கிளாரிசா நாவலுக்குள்ளேயே தன்னிடம் கேட்டுக்கொள்கிறாள். சவுத் கென்சிங்டனில் ஒருவர் இருக்கிறார், பேஸ்வாட்டரில் ஒருவர், மேஃபேரில் இன்னொருவர். அவர்கள் இருப்பதை அவள் எப்போதும் உணர்கிறாள். இப்படித் தனித்தனியே கிடப்பது எவ்வளவு வீண், ஒன்று சேர்க்க முடிந்தால் எப்படியிருக்கும் என்று தோன்றுகிறது. சேர்க்கிறாள். அது ஒரு காணிக்கை. யாருக்கு என்று அவளுக்குத் தெரியாது. நாவல் இந்தப் பதிலை மதிக்கிறது. பழைய காதலன் பீட்டர் வால்ஷின் முணுமுணுப்பையும் மீறி, கடைசி வரியில் அவனையே கிளாரிசாவின் முன் பரவசத்தோடு நிற்கவைக்கிறது.

நாவலை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. கதை முடிந்தது என்று விட்டிருக்கலாம். வுல்ஃப் விடவில்லை. அந்த விருந்துக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு கதை வரிசை எழுதத் தொடங்கினார். பெரும்பாலானவை 1925 வசந்தத்தில் எழுதப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மனிதர்களுக்குப் பல வகை உணர்வுநிலைகள் உண்டு, விருந்து உணர்வுநிலை, உடை உணர்வுநிலை போன்றவற்றை ஆராய விரும்புகிறேன் என்று அந்த ஏப்ரல் 27ஆம் நாளின் குறிப்பில் எழுதியிருக்கிறார். இவற்றில் அவர் இதழில் வெளியிட்ட 'புதிய உடை' 1927 மே மாதம் நியூயார்க்கின் 'ஃபோரம்' இதழில் வந்தது. வேறு சில, 1941இல் அவர் இறந்த பிறகு லெனார்ட் தொகுத்த கதைகளில் இடம்பெற்றன. சில கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தன. 1973இல்தான் ஸ்டெல்லா மெக்நிக்கல் ஏழு கதைகளைச் சேர்த்து 'மிஸஸ் டாலோவேயின் விருந்து' என்று ஒரு சிறு நூலாக்கினார். 1985இல் சூசன் டிக் பதிப்பித்த முழுத் தொகுப்பில் அதே சூழலைச் சேர்ந்த 'மகிழ்ச்சி', 'எளிய மெட்டு' போன்றவையும் காலவரிசையில் இடம்பிடித்தன.

இந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மெக்நிக்கலின் நூல் கையுறைக் கதையை முதலில் வைத்து, விருந்துக் கதைகளை அதன் பின்னே அடுக்குகிறது. காலையில் கிளம்பிய கிளாரிசா இரவு விருந்து நடத்துவதுபோல் ஒரு தொடர்ச்சி வாசகருக்குக் கிடைக்கிறது. சுகமான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் கையுறைக் கதை நாவலுக்கு முன் நின்றது. மற்றவை பெரும்பாலும் நாவலைத் தாண்டி வந்தவை. இரண்டையும் ஒரே மாலையில் கோத்தால், எழுத்தாளர் திரும்பிப் போனார் என்ற உண்மை மறைந்துவிடுகிறது.

திரும்பிப் போனவர் யாரிடம் போனார் என்பதில்தான் சுவை. கிளாரிசாவிடமோ, பீட்டர் வால்ஷிடமோ, இளமைத் தோழி சாலி சீட்டனிடமோ அல்ல. நாவலின் விருந்தில் கூட்டமாக மட்டுமே தெரிந்தவர்களிடம் போனார்.

'புதிய உடை'யின் மேபல் வேரிங் மேலங்கியைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று ஊகித்துவிடுகிறாள். பணிப்பெண் திருமதி பார்னெட் கண்ணாடியை எடுத்துக்கொடுக்கும் விதம் அதை உறுதிப்படுத்துகிறது. உடைதான் சரியில்லை. நாகரிகத்துக்கு ஏற்ப உடுத்தப் பணம் இல்லாததால், அம்மா வைத்திருந்த பழைய பாரிஸ் உடைப் புத்தகத்திலிருந்து ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் பட்டில் தைத்துக்கொண்டாள். தனித்துத் தெரியலாம் என்ற ஆசை. இப்போது அந்த அறையில் எல்லோரும் தன்னையே பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றுகிறது. தட்டின் விளிம்பில் ஏற முயன்று வழுக்கி வழுக்கி விழும் ஈ நான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறாள். அதையே ஒருவரிடம் வாய்விட்டும் சொல்லிவிடுகிறாள், அவர் மறுத்துப் பாராட்டவேண்டும் என்பதற்காக. அவர் பாராட்டுகிறார். அது பொய் என்று அவளுக்கு உடனே தெரிகிறது.

இந்தக் கதையின் உயிர் விருந்தில் இல்லை, தையற்காரி மிஸ் மிலனின் அறையில் இருக்கிறது. புழுக்கமான, முட்டைக்கோஸ் வேகும் வாடை அடிக்கும் சிறு அறை. அங்கே உடையை அணிந்து கண்ணாடியில் பார்த்தபோது மேபல் அழகாக இருந்தாள். அது அவள் கற்பனை என்று கதை எங்கும் சொல்லவில்லை. வாய் நிறைய குண்டூசிகளோடு தரையில் முழந்தாளிட்டு விளிம்பை அளந்துகொண்டிருந்த மிஸ் மிலன்மீது அவளுக்கு உலகத்தில் வேறு யார்மீதும் இல்லாத அன்பு பொங்கியது. அதே உடை, அதே பெண், வேறு கண்ணாடி. விருந்து அறையின் வட்டக் கண்ணாடியில் அவள் ஒரு மஞ்சள் புள்ளி மட்டுமே.

இப்போது நாவலுக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே கிளாரிசாவும் உடையோடு உட்கார்ந்திருக்கிறாள். கிழிந்த பச்சை உடையைத் தன் கையாலேயே தைக்கிறாள். ஊசி பட்டுத் துணியை இழுத்து மடிப்புகளைச் சேர்க்கச் சேர்க்க, அலைகள் திரண்டு விழுவதுபோல் அவள் மனம் அமைதியடைகிறது. அதைத் தைத்துக்கொடுத்த சாலி பார்க்கரை அன்போடு நினைத்துக்கொள்கிறாள். ஆங்கில உரைநடையின் மிக அழகான பத்திகளில் அது ஒன்று. 'புதிய உடை'யைப் படித்த பிறகு அந்தப் பத்தியை முன்புபோல் படிக்க முடிவதில்லை. உடை ஒருத்திக்கு அமைதி தருவதற்கு எவ்வளவு பணமும் எவ்வளவு பாதுகாப்பும் அடியில் இருக்கவேண்டும் என்ற கணக்கு தெரியவந்துவிடுகிறது.

மேபலுக்கு நாவலுக்குள்ளேயே ஓர் உறவுக்காரி உண்டு, எல்லி ஹெண்டர்சன். ஆண்டுக்கு முந்நூறு பவுண்டு வருமானத்தில் காலம் தள்ளுபவள். கிளாரிசா மனமில்லாமல்தான் அழைக்கிறாள். பழைய கறுப்பு உடையில் மலிவான இளஞ்சிவப்புப் பூக்களைக் குத்திக்கொண்டு மூலையில் நிற்கிறாள். ரிச்சர்ட் வந்து நலம் விசாரிக்கிறார், எல்லி மகிழ்ந்துபோகிறாள், நாவல் நகர்ந்துவிடுகிறது. எல்லிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பக்கம். அவளைப் போன்றவள் அந்த மூலையில் நின்றுகொண்டே இருந்தால், நாவல் நகராமல் அவளோடே நின்றால், என்ன தெரியும்? 'புதிய உடை' அந்தக் கேள்விக்கு எழுதிய விடை என்றே நான் வாசிக்கிறேன்.

'சக மனிதர்களை நேசித்தவர்' கதையில் வுல்ஃப் இன்னும் கடுமையாகிறார். பிரிக்கெட் எல்லிஸ் ஒரு வழக்கறிஞர். பள்ளித் தோழரான ரிச்சர்ட் டாலோவே இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அன்று பிற்பகல் தெருவில் எதிர்ப்பட்டு விருந்துக்கு அழைத்துவிடுகிறார். எல்லிஸ் ஏழைகளுக்காக உழைப்பவர். நன்றி மறக்காத வயதான தம்பதி பரிசளித்த கடிகாரத்தைப் பற்றிய நினைவுதான் அவருக்கு அந்தப் பணக்கார அறையில் கவசம். பக்கத்தில் உட்காரவைக்கப்படும் மிஸ் ஓ'கீஃப், கொளுத்தும் வெயிலில் ஒரு சதுக்கத்தின் கம்பிவேலியில் முகம் பதித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்த ஏழைத் தாயையும் குழந்தைகளையும் நினைத்து உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருப்பவள். இருவரும் ஒரே பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் தோழமையாகியிருக்கவேண்டும். நடப்பதோ வேறு. எல்லிஸின் கருணை தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் கருணை என்பது மிஸ் ஓ'கீஃபுக்கு உறைக்கிறது. அவளுடைய கோபம் எதிரே இருப்பவரின் பேச்சைக் கேட்கவே விடாத கோபம். மனித குலத்தை நேசிக்கும் இருவரும் ஒருவரையொருவர் வெறுத்து, அந்த வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வெறுத்து, ஒரு வார்த்தை பேசாமல் நிரந்தரமாகப் பிரிகிறார்கள்.

இங்கே கேலி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது ஏழைகள்மீதான அக்கறையைப் பற்றிய கேலி அன்று. அக்கறையைக்கூடச் சொத்தாக மாற்றி மார்பில் அணிந்துகொள்ளச் செய்கிற ஓர் அறையைப் பற்றியது. டாலோவேயின் வீட்டுக்குள் நுழைந்தவுடன் எல்லிஸின் நல்ல குணமும் ஓர் உடையாகிவிடுகிறது.

'அறிமுகம்' கதையின் லில்லி எவரிட் இளம்பெண். எழுத்தாளர் டீன் (ஜொனாதன்) ஸ்விஃப்டின் குணத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைக்குப் பேராசிரியர் அன்று காலை மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் போட்டிருக்கிறார். அந்த நட்சத்திரங்களே தன் உண்மையான இருப்பு என்று அவள் நெஞ்சுக்குள் பொத்திவைத்திருக்கிறாள். அறையின் மறுகோடியிலிருந்து திருமதி டாலோவே தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், வராமல் இருக்கமாட்டாளா என்று உள்ளம் கெஞ்சுகிறது. கிளாரிசா வருகிறாள். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து புதிதாக வந்த பாப் பிரின்ஸ்லியிடம் அழைத்துப்போய், இருவருக்கும் ஷெல்லி பிடிக்கும் என்று சொல்லிச் சேர்த்துவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எழுதுவீர்களோ, கவிதைகளாகத்தான் இருக்கும் என்கிறான் அவன். கட்டுரைகள் என்கிறாள் லில்லி. பேசிக்கொண்டே அவன் ஓர் ஈயின் இறக்கைகளைப் பிய்க்கிறான். நாகரிகம் என்ற முழுப் பாரமும், கோபுரங்களும் தேவாலயங்களும் நாடாளுமன்றமும் சேர்ந்து, அவள் தோள்மேல் இறங்குகிறது.

மேபல் தன்னை ஈயாக நினைத்துக்கொண்டாள். லில்லி தன் கண்முன் ஓர் ஈ பிய்க்கப்படுவதைப் பார்க்கிறாள். ஒரே விருந்தின் இரண்டு மூலைகளில் நடக்கும் இந்த இரண்டையும் எந்தப் பாத்திரமும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வாசகர் மட்டுமே சேர்க்கிறார். நாவலில் இணைக்கும் வேலையை நடை செய்தது. இங்கே அது நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

மற்றக் கதைகள் இதே அளவு கனம் உள்ளவை அல்ல. 'சேர்ந்தும் பிரிந்தும்' கதையில் ரோடரிக் செர்லும் ரூத் ஆனிங்கும் கேன்டர்பரி என்ற ஊரின் நினைவில் ஒரு நொடி நெருங்குகிறார்கள். அந்த நெருக்கத்தின் கூச்சத்தை வேறொருத்தியின் குறுக்கீடு காப்பாற்றுகிறது. 'முன்னோர்' கதையின் திருமதி வாலன்ஸ், கிரிக்கெட் பார்ப்பது பிடிக்காது என்று ஓர் இளைஞன் சொன்னதை வைத்துக்கொண்டு ஸ்காட்லாந்தில் கழிந்த தன் பிள்ளைப்பருவத்துக்கு அழுகிறாள். அது எனக்கு மெலிந்த கதையாகவே தோன்றுகிறது. 'தொகுத்துப் பார்த்தால்' நல்ல கதை. ஓயாமல் பேசும் துணைவரோடு தோட்டத்துக்கு வந்துவிட்ட சாஷா லேதம், சதுப்பு நிலத்தின்மேல் இந்த வீட்டையும் இந்த விருந்தையும் எழுப்பிய மனிதர்களை வியக்கிறாள். பிறகு தோட்டச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள். தன்னைக் கவனிக்காத மாபெரும் லண்டன் அங்கே இருக்கிறது. எந்தக் காட்சி உண்மை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இந்தக் கதைகளிலெல்லாம் கிளாரிசா எப்படித் தெரிகிறாள் என்பதைக் கவனிக்கவேண்டும். நாவலில் நாம் அவளுக்குள் வாழ்ந்தோம். இங்கே பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்க்கிறோம். அறையைக் கடந்து வருகிறாள், இருவரைச் சேர்த்துவைக்கிறாள், இவரை உங்களுக்குப் பிடிக்கும் என்கிறாள், போய்விடுகிறாள். மேபல் சீக்கிரமே கிளம்பும்போது இவ்வளவு சீக்கிரமா என்று இனிமையாகக் கேட்கிறாள். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது என்று மேபல் பதில் சொல்லிவிட்டு, பொய், பொய், பொய் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இருபது ஆண்டுகளாக அணிந்துவரும் சீன மேலங்கியைச் சுற்றிக்கொள்கிறாள். தன் காணிக்கை பெறுபவரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது கிளாரிசாவுக்குத் தெரிய வழியே இல்லை. நாவல் கேட்காமல் விட்ட சாட்சியங்களை இந்தக் கதைகள் ஒவ்வொன்றாக எடுக்கின்றன.

இதை வைத்து வுல்ஃப் தன் நாவலை மறுத்துவிட்டார் என்று முடிவுகட்டுவது தவறு. நாவலில் குகைகள் இணைகின்றன, அது பொய்யில்லை. ஒரு நாவலுக்கு அதற்கான நேரமும் இடமும் இருக்கிறது. சிறுகதை ஒரு மனத்தை அதன் தனிமையில் பூட்டி, இணைப்பு நடக்காமல் போகும் அந்தச் சில நிமிடங்களை அளந்து காட்டும். இரண்டும் ஒரே விருந்தில், ஒரே இரவில் நடக்கின்றன. வடிவத்தை மாற்றினால் அதே வீட்டின் வேறொரு உண்மை கிடைக்கும் என்பதை ஓர் எழுத்தாளர் இவ்வளவு பொறுமையாகச் சோதித்துப் பார்த்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

அக்கால நவீனத்துவர்களில் பலர் பாத்திரங்களை ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஐரிஷ் எழுத்தாளர் ஜாய்ஸில் போக்கு எதிர்த்திசை: 1914இல் வந்த 'டப்ளினர்ஸ்' கதைகளின் மார்ட்டின் கன்னிங்ஹாம், பாப் டோரன் போன்றவர்கள் 1922இன் 'யுலிசிஸ்' நாவலில் நடமாடுகிறார்கள். வுல்ஃபுக்கு உண்மையான இணை அமெரிக்க நாவலாசிரியர் ஃபாக்னர்தான். 1929இல் வெளியான 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி'யில் குவென்டின் காம்ப்சன் 1910 ஜூன் 2 அன்று தற்கொலை செய்துகொள்கிறான், ஹார்வர்டு மாணவனாக, இருபதை ஒட்டிய வயதில். 1931 மார்ச்சில் 'தி அமெரிக்கன் மெர்குரி' இதழில் வந்த 'தட் ஈவினிங் சன்' கதையைச் சொல்பவனும் அதே குவென்டின். தனக்கு ஒன்பது வயதும் தங்கை கேடிக்கு ஏழும் தம்பி ஜேசனுக்கு ஐந்தும் ஆனபோது நடந்ததைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நினைவுகூர்கிறான். கூட்டிப்பார்த்தால் இருபத்து நான்கு. நாவலின் கணக்கில் அந்த வயதை அவன் எட்டவே இல்லை.

பிழை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் கதையைப் படித்தால் அப்படி ஒதுக்கத் தோன்றாது. நான்சி என்ற கறுப்பினப் பெண், கணவன் தன்னைக் கொல்ல வருவான் என்று நடுங்குகிறாள். காம்ப்சன் குடும்பத்தார் அவளைத் தனியே விட்டுவிட்டு வீடு திரும்புகிறார்கள். இனி நம் துணிகளை யார் துவைப்பார்கள் என்று கடைசியில் குவென்டின் கேட்கிறான். நாவலில் காம்ப்சன் குடும்பம் தன் துயரத்துக்குள்ளேயே மூழ்கியிருந்தது. அந்தத் துயரத்தின் ஓரத்தில் வேலைசெய்த ஒருத்தியின் பயம் கதையின் நடுவுக்கு வந்துவிடுகிறது. அதைச் சொல்ல அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் தேவைப்பட்டான். ஃபாக்னர் அவனை எழுப்பிக்கொண்டார். பின்னாளில் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள் நான்சியைப் பற்றிக் கேட்டபோது, இந்த மனிதர்கள் எனக்குச் சொந்தம், தேவைப்படும்போது காலத்தில் நகர்த்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்ற பொருளில் பதிலளித்தார்.

தமிழ் வாசகருக்கு இந்த மாதிரித் திரும்பல் புதிதில்லை. ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த கொந்தளிப்பு தெரிந்ததே. மழையில் நனைந்து, சீரழிக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றித் தூய்மையாக்கும் தாய் அந்தக் கதையில் இருந்தாள். அவள் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டிருந்தால் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. அந்த நாவலுக்குள் கங்கா தன் வாழ்க்கையை ஒத்த ஒரு சிறுகதையைப் படிக்கிறாள், ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக. கதை கொடுத்த விடுதலையை நாவல் பறித்துக்கொண்டு அவளை நீண்ட வாழ்க்கைக்குள் அனுப்புகிறது. ஜெயகாந்தன் கதையின் முடிவையே மாற்றிப் பார்த்தார். வுல்ஃப் ஒரு நிகழ்ச்சியைக்கூட மாற்றவில்லை. விருந்து அப்படியேதான் நடக்கிறது. நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது.

அடுத்து எங்கே போவது என்பதும் வுல்ஃபின் மனதில் இருந்தது. 1925 மார்ச் மாதத்துக் குறிப்பில், திருமதி டாலோவேயின் விருந்துக்கு வந்தவர்களின் இந்தச் சித்திரங்கள் அந்த நாவலிலிருந்து ஒரு புதிய புத்தகத்துக்கு இட்டுச்செல்லும் நடைவழியாக இருக்கும் என்று எழுதினார். விருந்துக் கூட்டத்திலிருந்து யாரேனும் இருவர் பிரிந்து தனியே நடந்துபோய் அடுத்த நூலுக்குள் நுழைவார்கள் என்று எதிர்பார்த்தார். அப்படி யாரும் பெயரோடு நுழையவில்லை. ஆனால் 1927இல் வந்த 'டு தி லைட்ஹவுஸ்' நாவலில் இன்னொரு விருந்து மேசை இருக்கிறது. அங்கேயும் மனிதர்களை ஒன்றுசேர்க்கப் பாடுபடும் ஒரு திருமதி இருக்கிறாள். பெண்களால் எழுத முடியாது, ஓவியம் தீட்ட முடியாது என்று சொல்லும் ஓர் இளைஞன் இருக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டுக் குறுகி, பிறகு மேசையின் விரிப்பில் உப்புச் சிமிழை நகர்த்தி வைத்துத் தன் ஓவியத்தில் மரத்தை எங்கே நகர்த்தலாம் என்று யோசிக்கும் ஒரு பெண்ணும் இருக்கிறாள். அவள் பெயர் லில்லி பிரிஸ்கோ. லில்லி எவரிட்தான் லில்லி பிரிஸ்கோ ஆனாள் என்பதற்குச் சான்று எதையும் நான் காட்டமாட்டேன். டாலோவே வீட்டில் மூன்று சிவப்பு நட்சத்திரங்களோடு வாயடைத்து நின்ற பெண்ணுக்கு அந்த இரவில் செய்ய எதுவும் இல்லாதிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பெயர் கொண்ட இன்னொருத்திக்கு வுல்ஃப் கையில் தூரிகையும், படத்தை முடிக்கப் பத்தாண்டுக் காலமும் கொடுத்தார்.